பதினான்கு முறை கை கழுவியவர்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நான் எழுதிய ஒரு ரெக்கார்டு நோட்டு, எங்கள் அண்ணியைத் துணிப்பெட்டியோடு களம்பூரில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கப் பார்த்தது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பழுப்பு அட்டை, வலது பக்கம் கோடு, இடது பக்கம் வெறும் வெள்ளை. வெள்ளைப் பக்கம் செடி கொடி வரைகிறவர்களுக்கான ஏற்பாடு. உளவியல் படிக்கிறவர்கள் அதில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் அதில் பட்டியல் போட்டேன்.

பட்டியல் போடுவது எனக்குப் பழைய வழக்கம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போட்டுத் தரும் ஒரு கடையில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். மானிட்டரில் கட்டம் கட்டமாக மாங்காயும் மயிலும் நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் தவறினால் மயிலுக்கு மூக்கு போய்விடும். அதனால் எதையும் வரிசை எண் போட்டு, முடிந்ததை டிக் அடித்துத்தான் செய்வேன். அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் பி.எஸ்ஸி. உளவியல் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஏன் வந்தது என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அப்பா அதைக் கேட்கவே இல்லை.

தெருக் குழாயடியில்தான் கேட்டார்கள்.

"பைத்தியத்துக்குப் படிக்குதாமே உங்க பொண்ணு?"

"ஆமா. மொதல்ல உங்க வூட்டுக்குத்தான் வரும், ரெடியா இருங்க" என்றார் அம்மா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

வேலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். சேவூரில் ஒரு தோழி ஏறுவாள், என் வகுப்புதான். மூன்றாம் ஆண்டில் பிறழ்நிலை உளவியல் ஆரம்பித்த அன்று மேடம் சாக்பீஸைக்கூடத் தொடாமல் சொன்னார்: "ரெண்டாவது வாரம் இந்தப் புத்தகத்துல இருக்கிற எல்லா நோயும் உங்களுக்கு இருக்கிற மாதிரி தெரியும். பயப்படாதீங்க. மூணாவது வாரம் உங்களுக்குச் சரியாயிடும். உங்க வீட்ல இருக்கிறவங்களுக்கு வந்துடும்."

சிரித்தோம். ஆனால் அது அப்படியே நடந்தது. பய நோய்கள் பற்றிய பாடம் முடிந்த அன்று சேவூர்த் தோழி தனக்கு ஏழு வகை பயம் இருப்பதாக முடிவுகட்டினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டேன், அது எட்டாவது என்றாள். நான் வீட்டை விட்டுக் கிளம்பும்முன் அடுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்ததை நினைத்து, எனக்கு எண்ணச் சுழற்சி நோய் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காததற்கும் ஒரு பெயர் கண்டுபிடித்தோம். அந்த இரண்டு வாரம் பஸ்ஸில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு, முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, படிக்கிற புள்ளைங்கதானே?" என்று கேட்டார். அவருக்கும் ஒன்று வைத்திருந்தோம். சொல்லவில்லை.

பிறகு ரெக்கார்டு வேலை வந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பதினான்கு நாள் கவனிக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி, வகுப்பில் படித்த நான்கு அளவுகோல்களை வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கத்திலிருந்து விலகல் இருக்கிறதா, அதனால் அவருக்குத் துயரம் உண்டா, அன்றாட வேலை கெடுகிறதா, ஆபத்து ஏதும் உண்டா. கடைசிப் பக்கத்தில் அவருடைய சம்மதக் கையெழுத்து. மேடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. கையெழுத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசிப் பக்கம்தானே.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் அம்மா நெய்வார். இன்னொன்று அப்பாவுடையது. முதுகுவலி வந்த பிறகு அப்பா ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய தறியில் ஒன்றரை முழம் பாவு, அதாவது நெய்யாமல் விட்ட நீளவாட்டு இழைகள், அப்படியே கிடந்தது. மேலே ஒரு பழைய வேட்டி போர்த்தியிருந்தது. தை பிறந்ததும் அந்தத் தறியை எடுத்துவிட்டு, நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் குழியை மூடி, அங்கே என் கம்ப்யூட்டர் மேஜையைப் போடுவது என்று ஏற்பாடு.

அண்ணி வந்து அப்போது எட்டு மாதம். உறவுதான், ஆனால் களம்பூரில் ரைஸ்மில்லில் எடைபோடுகிறவரின் மகள். அவர்கள் வீட்டில் தறி கிடையாது. கல்யாணமாகி வந்த அன்று அம்மா மருமகள் கையைப் பிடித்துப் பார்த்து, "நெல்லு அள்ளுன கை. பட்டு தொட்டா இழ நிக்காதும்மா. நீ சோத்தப் பாரு, தறிய நான் பாத்துக்கிறேன்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அண்ணியும் சிரித்தார். அதற்குப் பிறகு சமையலும் தண்ணீரும் அண்ணிக்கு, தறி அம்மாவுக்கு என்று ஆகிவிட்டது.

ஆள் தேடிக்கொண்டிருந்த எனக்கு அண்ணி கிடைத்தது தற்செயல்தான். இரண்டு வாரப் படிப்பு விடுமுறை தொடங்கி வீட்டில் இருந்தபோது, முதல் நாளே, அவர் காலையிலிருந்து எத்தனை முறை கை கழுவுகிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். பதினான்கு. சோப்பு போட்டு, விரலுக்கு விரல் தேய்த்து, தனக்கென்று வைத்திருந்த ஒரு துண்டில் ஒற்றி எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் விளக்கு எரிந்தது. எண்ணச் சுழற்சி நோய்க்குப் பாடப் புத்தகத்தில் முதல் எடுத்துக்காட்டே அதுதான்.

அன்றைக்கே வெள்ளைப் பக்கத்தில் ஆரம்பித்தேன். கை கழுவுதல், ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பாதங்களும் மாறி மாறித் தரையை அழுத்துவது, இரண்டு, டி.வி. பார்க்கும்போதும் நிற்பதில்லை. முணுமுணுத்தபடி எண்ணுவது, மூன்று. அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்றிலிருந்து தொடங்குவார். பதினேழிலோ இருபத்துமூன்றிலோ நின்று, "சே" என்று தலையில் தட்டிக்கொண்டு மறுபடி ஒன்று. விரல் நுனியால் தன் கன்னத்தைத் தடவிப் பார்ப்பது நான்கு. நகத்தை ஒட்ட வெட்டி, போதாமல் கல்லில் வேறு தேய்ப்பது ஐந்து. தேங்காய் நாரில் பாத்திரம் தேய்க்க மறுப்பது ஆறு. இதில் அம்மாவுக்கும் அவருக்கும் இரண்டு தரம் முட்டிக்கொண்டது. ஏழாவதைக் கண்டுபிடித்தபோது அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். தலையணைக்கு அடியில் ஒரு பவுடர் டப்பா. அதற்குள் சுருட்டிச் சுருட்டி, நிறம் நிறமாக, பட்டு நூல் துணுக்குகள்.

எட்டாவது: மத்தியானம் அம்மா சாப்பிட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போகும் ஒன்றரை மணி நேரம் அண்ணி காணாமல் போய்விடுவார். கூடத்துக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். நான் பின்கட்டு அறையில் படித்துக்கொண்டிருப்பேன். தூங்குகிறார் என்று நினைத்து, 'பகல் உறக்கம், அதிகம்' என்று எழுதினேன்.

எனக்கு அண்ணியை மிகவும் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். பிடித்ததால்தான் இவ்வளவு அக்கறையாக எண்ணினேன்.

பதினோராம் நாள் அம்மாவிடம், "அண்ணி நார் போட்டுத் தேய்க்கறத எப்போம்மா நிறுத்துனாங்க?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"சும்மா. தேதி வேணும்."

"தேதி எதுக்குடி?"

குறுக்கு நூல் சுற்றிய நாடாவைத் தறியில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. நான் சமாளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எட்டையும் சொல்லிவிட்டேன். அம்மா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே கேட்டார். ஏழாவது வந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நூலு சேத்து வச்சிகினு இருக்குதா? தலகாணிக்குக் கீழயா?"

"நோய்னு முடிவா சொல்லல, அம்மா. இன்னும் மூணு நாள் கவனிப்பு பாக்கி இருக்குது."

"இன்னாடி மூணு நாளு? வந்த பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

அண்ணனிடம் கேட்டார்கள். தூக்கத்தில்கூடக் காலை ஆட்டுகிறாள் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதை ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொண்டேன். அப்பா, "பேஜார் பண்ணாதீங்க, புது எடம், புள்ள ஏங்கிப் போயிருக்கும்" என்றார். அதுவே முடிவானது. அம்மா களம்பூருக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பத்து நாள் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பத்து நாள் என்பது எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணியிடம் காரணம் சொல்லவில்லை. பாத்திரச் சண்டைதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பெட்டியை எடுத்துத் துடைத்தார். கண் சிவந்திருந்தது. அடுப்படிக்குப் போய்க் கை கழுவினார். நான் நோட்டைத் திறந்து, 'துயரம்: உண்டு' என்று எழுதினேன். இன்றைக்கு அந்த வரியைப் பார்த்தால் எனக்கு அதை எழுதிய பெண்ணின் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

முந்தின நாள் மேடமிடம் கொடுத்திருந்த நோட்டு சனிக்கிழமை திரும்பி வந்தது. கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இருந்தது: 'கவனிப்பு நன்று. எண்ணிக்கை மிக நன்று. இவரிடம் கேட்டீர்களா?'

நான் எழுந்து மேஜைக்குப் போனேன்.

"பதினாலு தடவை கை கழுவினாங்கன்னு எழுதியிருக்கே" என்றார் மேடம். "எதுக்கு முன்னாடி? எதுக்கு அப்புறம்?"

"அதை எழுதலைங்க, மேடம்."

"நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுதானே. வரிசை இல்லாம வெறும் எண்ணிக்கையை வச்சுகிட்டு என்ன பண்ணுவே? அப்புறம், கையெழுத்துப் பக்கம் காலியா இருக்கு. அது கடைசியில இருக்கிறதால கடைசியில வாங்கணும்னு இல்ல."

சனிக்கிழமை அரை நாள். பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கை கழுவலுக்கும் நேரம் நினைவுபடுத்திப் பார்த்தேன். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். மற்றதெல்லாம் மத்தியானம், அந்தத் தாழ்ப்பாளுக்கு முன்பும் பின்பும். சேவூர்த் தோழி எட்டிப் பார்த்து, "உங்க அண்ணி தாழ்ப்பாள் போட்டுகினு உள்ள இன்னாதான் பண்றாங்க? கதவைத் தட்டி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். ஏழு பயம் உள்ளவள் கேட்ட கேள்வி அது. பதினான்கு நாளில் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் மத்தியானம் எல்லா வீட்டிலும் தறி ஓடும். அந்தச் சத்தம் எங்களுக்குக் காற்று மாதிரி; கேட்டுக்கொண்டே இருப்போம், காதில் விழாது. அன்று கூடத்துக் கதவுக்கு வெளியே நின்று காதை வைத்துக் கேட்டேன். டக், டக். ஒரு இடைவெளி. டக். மறுபடி இடைவெளி. தெருச் சத்தத்துக்குள் ஒரு சத்தம் மட்டும் தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருந்தது. அது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அம்மா வீட்டில் இல்லை.

கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது. அண்ணி திறந்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"இன்னா பாப்பா, ஜல்தி வந்துட்ட?"

"நீங்க ஏன் அடிக்கடி கை கழுவறீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சலிப்போடு நகர்ந்து வழிவிட்டார். அப்பாவின் தறியில் வேட்டி விலகியிருந்தது. அந்த ஒன்றரை முழப் பாவின் நுனியில், ஒரு சாண் அளவுக்குப் புதிதாக நெய்த துணி.

"கையில எண்ண இருந்தா பட்டுல கற படும் இல்ல" என்றார் அண்ணி. "நெய்யறவங்க வூட்டுப் பொண்ணு, உனக்கே தெரியாதா?"

எனக்குத் தெரியும். அம்மா வெளிர் நிறம் போடும்போதெல்லாம் கை கழுவிவிட்டுத்தான் உட்காருவார். விரல் நுனி சொரசொரப்பாக இருக்கிறதா என்று கன்னத்தில் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பாக இருந்தால் இழை சிக்கும். நகம் நீளமாக இருக்கக் கூடாது. நார் போட்டுத் தேய்த்தால் விரல் கெட்டுப்போகும். பாதங்கள் மாறி மாறி அழுத்தியது தறியின் மிதிகளை. எண்ணியது நாடா போகிற கணக்கு. பிழையில்லாமல் நாற்பது போட வேண்டும் என்று தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை, பிழை வந்தால் மறுபடி ஒன்று. டப்பாவில் இருந்தவை பிழையாக நெய்து பிரித்த நூல்கள். ஒன்பது அறிகுறிகளில் முக்கால்வாசி நான் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவை. களம்பூர்ப் பெண்ணிடம் அவை இருக்கும் என்று எதிர்பார்க்காததால், அவ்வளவும் நோயாகத் தெரிந்தது. எனக்கு மட்டுமா? நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த அம்மாவுக்கும் அப்படித்தான்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"சொன்னா சிரிப்பீங்க. மொத நாளு சிரிச்ச மாதிரி. நல்லா கத்துகினு ஒரேடியா காட்டலாம்னு பாத்தேன். தை பொறந்தா தறிய எடுத்துடுவாங்க இல்ல, அதான் அவசரம்." துணியின் ஓரத்தை விரலால் நீவினார். "இனிமே இன்னா. நாளைக்கு எங்கம்மா வந்துடும்."

நான் நோட்டை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். நான்காவதில் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். 'பகல் உறக்கம், அதிகம்' என்ற இடத்தில் வெடித்துச் சிரித்தார். தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடிப்பாவி! நான் இங்க முதுகு ஒடிய நெய்யறேன், நீ தூங்கறேன்னு எழுதி வச்சிருக்கியே! யாருகிட்டயும் சொல்லாத, நாளைக்கு நானே காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணியின் அம்மா, எங்கள் களம்பூர் அத்தை, ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தில் கவலை. "வாங்க சம்மந்தி" என்று அம்மா அழைத்த குரலும் சரியில்லை. காப்பி வந்தது. யாரும் குடிக்கவில்லை. பெட்டி கதவோரம் இருந்தது. எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது அண்ணி அடுப்படிக்குப் போய்க் கை கழுவினார். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி திரும்பி வந்து, வேட்டியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, தறிக்குழிக்குள் கால் இறக்கி உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஏம்மா, அதுல—" என்று அம்மா பாதி எழுந்தார்.

நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

மிதி இறங்கியது. நாடா போனது, வந்தது, பலகை இழையை அடித்தது. அண்ணியின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் ஒரு இழை அறுந்தது. அண்ணி தறியை நிறுத்தினார். அறுந்த நுனியைத் தேடிப் பிடித்தார், விரல் நுனியை நாக்கில் ஈரமாக்கிக்கொண்டார், ஒரு துண்டு இழை சேர்த்து முறுக்கி முடிச்சிட்டு, மிச்சத்தைக் கிள்ளி எடுத்தார். மறுபடி மிதி இறங்கியது. பதின்மூன்று. நாற்பதில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா போய்க் குந்தினார். துணியைப் புறங்கையால் தடவினார். கரையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். முடிச்சு விழுந்த இடத்தைத் தேடினார். கொஞ்ச நேரம் ஆனது கண்டுபிடிக்க.

"அடி ஓங்கி வுழுது" என்றார். "நெல்லு குத்தற மாதிரி."

ஓரத்தை இன்னொரு தரம் விரலால் நீவினார்.

"கர பரவால்ல." பிறகு அண்ணியின் கையைப் பிடித்து, விரல்களைப் புரட்டிப் பார்த்து, அந்த விரல் நுனிகளைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாப்பது வருசமா குழியில உக்காந்துகினு இருக்கேன். என் கண்ணு முன்னாலயே இவ மிதிச்சிகினு இருந்திருக்கா. எனக்குத் தெரியல பாரு சம்மந்தி! புத்தி சரியில்லன்னு உங்கள வேற வரவழச்சேன்!"

களம்பூர் அத்தைக்குப் பாதிதான் புரிந்தது. "அப்போ எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்ல. எங்களுக்குத்தான் எல்லாருக்கும் கொஞ்சம்" என்றார் அப்பா. அண்ணன் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு, அத்தை மத்தியானம் சாப்பாட்டுக்கும் இருந்து, சாயங்காலப் பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போனார்.

தையில் தறியை எடுக்கவில்லை. அந்தப் பாவு முடிந்ததும் புதுப் பாவு ஏறியது. என் கம்ப்யூட்டர் மேஜை அடுப்படிக்குப் போகும் நடையில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. பிறகு நான் போட்ட மயில் ஒன்றை அண்ணி நெய்தார். மூக்கு சரியாக வந்தது.

அதெல்லாம் பின்னால். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரெக்கார்டை முழுக்கத் திருத்தி எழுதி முடித்தேன். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே எதற்கு முன், எதற்குப் பின், ஏன் என்று மூன்று புதிய கட்டங்கள் போட்டு, முடிவு என்ற இடத்தில் 'கற்றுக்கொண்டிருக்கிறார்' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து அண்ணியிடம் நீட்டினேன்.

அவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"பதினாலுன்னு போட்டிருக்க."

"ஆமாங்க. எண்ணித்தான் எழுதினேன்."

"நீ படிச்சிகினு இருந்தப்போ அஞ்சு வுட்டுட்ட. பத்தொம்பது. ஒழுங்கா எழுது, மேடம் பாக்கப்போறாங்க."

அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினேன். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இரு பாப்பா, நோட்டுல கற பட்டுடும்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"இருபது" என்றேன்.